எடுத்துக்காட்டு வாக்கியம்

“ஒரு சொல் என்னைத் தூங்கவிடவில்லை, அம்மா” என்றார் வேதாசலம்.

அமுதம்மை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். துறவியான அவர் வேதாசலத்தைவிட இருபது வயது இளையவர். எட்டு வருடமாகக் கடிதத்தில் மட்டுமே கண்டிருந்த குருவை நேரில் பார்க்க, அகராதி எழுதும் வேதாசலம் முதல்முறையாக மலையேறி வந்திருந்தார்.

மேகம் குடிசைக்குள் நுழைந்து, இருவருக்கும் நடுவில் விருந்தாளி போல உட்கார்ந்தது.

“என்ன சொல்?”

“இம்யூர். ஆங்கில வினைச்சொல். ஒருவரைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுவது. பொருள் எழுதிவிட்டேன். எடுத்துக்காட்டு வாக்கியம்தான் வரமாட்டேன் என்கிறது.”

“எழுதியதைச் சொல்லுங்கள்.”

“‘மன்னன் பகைவனைச் சுவருக்குள் அடைத்தான்.’”

“எந்த மன்னனைப் பார்த்தீர்கள்?”

“அதனால்தான் அடித்துவிட்டேன். அடுத்தது: ‘அறிஞர் தம்மைத் தாமே அறைக்குள் அடைத்துக்கொண்டார்.’ அது நானேதான். மனைவி இறந்த நாளிலிருந்து பதினோரு வருடம், இந்த மலைக்குக் கிளம்பும்வரை, பின்னறையை விட்டு வந்ததில்லை. ஆனால் அதுவும் பொய் மாதிரி இருக்கிறது.”

“சாப்பாடு?”

“என் மகள் கமலவேணி தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவாள்.”

“மூன்று வேளையுமா?”

“ஒரு வேளை தவறியதில்லை.” பெருமையாகவே சொன்னார்.

“ஊருக்குக் கீருக்குப் போகமாட்டாளா?”

“எங்கே போவாள்? கோயம்புத்தூரில் கல்லூரி வேலை கிடைத்தது. நல்ல இடத்திலிருந்து பெண் கேட்டும் வந்தார்கள். ‘நான் போய்விட்டால் அப்பாவுக்கு யார் தட்டு வைப்பது’ என்று...”

முன்னால் இருந்த அகராதி நோட்டை மூடிவைத்தார்.

மேகம் இன்னும் அடர்ந்தது. வேதாசலத்துக்குத் தம் கைகளே தெரியவில்லை. நினைவில் எங்கோ ஒரு கதவுக்கு அப்பால் யாரோ வந்து நின்றார்கள். கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு மெல்லத் திரும்பிப் போனார்கள். பதினோரு வருடமும் அந்தக் காலடி ஓசை அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

அமுதம்மை அவருடைய நோட்டைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினார்.

“எழுதுங்கள், ஐயா.”

‘நான் கமலவேணியை’ என்று எழுதினார் வேதாசலம்.

பேனா வினைச்சொல்லுக்கு முன்னால் நின்றது. அவர் எழுந்துவிட்டார்.

“வாக்கியம் முடியவில்லையே” என்றார் அமுதம்மை.

வேதாசலம் அதற்குள் வாசலைத் தாண்டி, வழி தெரியாத வெண்மைக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.