ஆமைக்காக நீண்ட குட் மார்னிங்

அந்தக் காலத்தில், அணிலும் ஆமையும் மானும் நரியும் ஒரே பாஷையில் வம்பளந்துகொண்டிருந்தபோது, கடலோரத்தில் ஒரு முள்காடு இருந்தது. அந்தக் காட்டில் சிலுப்பி என்று ஓர் அணில். வாலைச் சிலுப்பாமல் அவளுக்குப் பேச வராது. பேசாமல் இருக்கவோ அதைவிட வராது.

ஒருநாள் கப்பலிலிருந்து சிலர் இறங்கிக் காட்டோரம் கூடாரம் அடித்தார்கள். அவர்கள் பேசிய பாஷை யாருக்கும் புரியவில்லை. எதையோ சொல்வார்கள், சிரிப்பார்கள். அன்று ஒரு மான் மேய்ச்சலிலிருந்து திரும்பாது. மறுபடியும் எதையோ சொல்வார்கள். இன்னொரு மான் போய்விடும்.

"அவங்க என்ன பேசிக்கிறாங்கன்னு தெரிஞ்சாலாவது ஓடித் தப்பிக்கலாமே!" என்று மான்கள் புலம்பின.

பனிக்காலம் தொடங்கி, வடக்கிலிருந்து உள்ளான் பறவைகள் வந்து இறங்கின. அதில் ஒருத்தி கூடாரத்துப் பேச்சைக் கேட்டதும் டக்கென்று தலையைத் திருப்பினாள்.

"அட, இங்கிலீஷ்! வெயில் காலத்துல நான் இருக்கிற ஊர்ல இதானே பேசுவாங்க!"

அவ்வளவுதான். காடே போய் அவளைச் சூழ்ந்துகொண்டது. மறுநாள் காலையிலேயே பாலை மரத்தடியில் வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. உள்ளான், உள்ளான் டீச்சர் ஆனாள்.

டீச்சர் கறார். "விடியற்காலையில பறவைங்க எல்லாம் கத்துற நேரத்துலதான் வகுப்பு. நான் வந்ததும் எல்லாரும் எழுந்து குட் மார்னிங் டீச்சர்னு ஒரே குரலா சொல்லணும். ஒரே குரலா இருந்தா, பட்சிச் சத்தம்னு கூடாரத்துல விட்டுடுவாங்க. தனிக்குரல் கேட்டா தேடி வந்துடுவாங்க."

வாட்டர் என்றால் தண்ணீர். ஃபயர் என்றால் நெருப்பு. நெட் என்றால் வலை என்று டீச்சர் சொன்னபோது மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சிலுப்பிக்கோ குஷியில் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குப் புதுப் பழம் மாதிரி இருந்தது. ட்ரீ, ட்ரீ என்று மரம் ஏறினாள். லீஃப், லீஃப் என்று இறங்கினாள். பாதி பாடத்தில் எழுந்து ஓடி, வகுப்புக்கு வராத காக்காய்களிடம் ஒப்பித்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வருவாள்.

சிமிலி நடத்திய அன்று வகுப்பே அமர்க்களப்பட்டது. ஒன்றை இன்னொன்று மாதிரி என்று சொன்னால் சிமிலி என்றாள் டீச்சர். நரி எழுந்து, "ஐ ஆம் லைக் எ டைகர்" என்றான்.

"சபாஷ். நான் புலி மாதிரிங்கிறே. அந்த லைக்கை எடுத்துட்டா நீயே புலின்னு ஆயிடும். அதுக்குப் பேரு மெட்டஃபர்."

நரி நெஞ்சை நிமிர்த்தி, "ஐ ஆம் எ டைகர்!" என்று கர்ஜித்தான். முன்வரிசை முயல்கள் நிஜமாகவே புதருக்குள் பாய்ந்துவிட்டன. டீச்சரே இறக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சிலுப்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் பொறையன் என்ற கட்டாமை. ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வெளியே வருவதற்குள் சிலுப்பி ஒரு கொட்டையை உரித்துத் தின்றுவிடுவாள். வில் என்ற சொல்லை டீச்சர் சொன்ன அன்று அவன் மெல்லக் கழுத்தை நீட்டினான்.

"வில்லுன்னா... அம்பு விடுற... வில்லா... டீச்சர்?"

கேள்வி முடியும்வரை சிலுப்பிக்குப் பொறுமை இருந்ததே பெரிது. பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. காக்காய்களிடம் ஓடிவிட்டாள்.

"இல்லப்பா. இனிமேல் நடக்கப்போறதைச் சொல்ற வார்த்தை அது" என்றாள் டீச்சர். பொறையன் அதை மனத்துக்குள் நிதானமாகப் பத்திரப்படுத்திக்கொண்டான்.

ஆனால் காலை வணக்கத்தில்தான் வம்பு வந்தது. எல்லோரும் படபடவென்று சொல்லி முடித்து உட்கார்ந்த பிறகும் பொறையன் "...னிங்... டீ... ச்சர்" என்று இழுத்துக்கொண்டிருப்பான். ஒருநாள் கூடாரத்துக்காரன் ஒருவனுக்கு அது கேட்டுவிட்டது. தன் பாஷை புதருக்குள்ளிருந்து வருகிறதே என்று துப்பாக்கியோடு வந்தான். மற்றவர்கள் புதர்களுக்குள் பதுங்கினார்கள். பொறையன் ஓட்டுக்குள் ஒடுங்கினான். வந்தவன் அவனைக் கல் என்று நினைத்து முதுகில் ஒரு காலை வைத்து நின்று, நாலா பக்கமும் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனான்.

டீச்சர் கிளையிலிருந்து இறங்கி வந்தாள். "பொறையா, நாளையிலேர்ந்து நீ வர வேணாம்பா."

"சரி... டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவன் நகர்ந்தான். 'இனிமேல் சீக்கிரம் பாடம் ஆரம்பமாகும்' என்று சிலுப்பிக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. மறுநாள் பக்கத்து இடம் காலியாக இருந்தபோது புது வார்த்தைகள் ஏனோ ருசிக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் அவனைத் தேடிப் போனாள். கூடாரத்துக்கு எதிரே ஒரு சங்கஞ்செடிப் புதரடியில் படுத்திருந்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் கூடாரத்திலிருந்து குரல் கேட்டது.

"வீ வில் கேட்ச் ஆல் தி டீர் அட் தி டாங்க்!"

கேட்ச், பிடிப்பது. ஆல், எல்லாம். டீர், மான். டாங்க், குளம். வில், அம்பு விடுகிற வில்தானே என்று நினைத்தாள் சிலுப்பி. எல்லா மானையும் வில்லால் அடித்துப் பிடித்துவிட்டார்கள்!

"சிலுப்பி... நில்லு... அது..." என்றான் பொறையன். அவள் எங்கே நின்றாள்?

"குளத்துல மானையெல்லாம் புடிச்சுட்டாங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் மரத்தடியில் இருந்த மான்குட்டிகள் அலறின. அவற்றின் தாய்கள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. "அம்மா! அம்மா!" என்று குட்டிகள் குளத்தைப் பார்த்து ஓட, சிலுப்பியும் கூடவே ஓடினாள்.

குளத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதை அந்தச் சங்கஞ்செடிப் புதருக்குப் பின்புறமாகத்தான் போனது. அதன் நடுவில் பொறையன் கிடந்தான். முன்னால் ஓடிய குட்டி அவன்மேல் இடறி நின்றது. பின்னால் வந்தவை ஒன்றன்மேல் ஒன்று மோதின.

"இன்னும்... புடிக்கல" என்றான் பொறையன். "வில்... சொன்னாங்க. புடிக்கப்... போறாங்க. இப்ப நீங்க போனா... நீங்கதான் மொதல்ல."

சிலுப்பியின் வால் அப்படியே தாழ்ந்தது. தான் கேட்காமல் ஓடிய பதில் அதுதான் என்று உறைத்தது. வெட்கப்பட நேரமில்லை. "நீ இதுங்களைப் பாத்துக்கோ!" என்று கத்திவிட்டு மேய்ச்சல் நிலத்துக்குப் பறந்தாள். அவ்வளவு வேகமாக அவள் அதுவரை ஓடியதில்லை. தாய் மான்கள் தண்ணீருக்காகக் கிளம்பிக்கொண்டிருந்தன. மறித்துத் திருப்பினாள். அன்று குளத்தைச் சுற்றி வலை விரித்தவர்களுக்கு ஒரு தவளைதான் கிடைத்தது.

காடே கொண்டாடியது. எல்லோரும் டீச்சரைப் போய்ச் சூழ்ந்தார்கள். "பொறையனைத் திருப்பிக் கூப்பிடுங்க டீச்சர்!"

"எனக்கும் ஆசைதான். ஆனா அவன் குரல் தனியாக் கேட்டா எல்லார் தலைக்கும் ஆபத்தாச்சே."

"வணக்கம் மட்டும் சொல்லாம உட்காரட்டும்" என்றான் நரி.

பொறையன் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டான். "வாயை மூடிக்கிட்டு... உக்காரவா... நான் இங்கிலீஷ்... படிக்க வந்தேன்?"

சிலுப்பி அவன் முன்னால் வந்து, "நாளைக்குக் காலையில நீ வா. என் பக்கத்துல நில்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மறுநாள் டீச்சர் வந்து கிளையில் இறங்கினாள். எல்லோரும் எழுந்தார்கள். பொறையனைப் பார்த்ததும் டீச்சரின் அலகு திறந்தது. அதற்குள் சிலுப்பி, காட்டிலேயே அவசரக்காரியான அந்தச் சிலுப்பி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"கு...ட்ட்..."

அடுத்த சொல்லுக்குப் போகத் தொண்டை துடித்தது. வாலைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் போகவில்லை. ஒரே குரலாகச் சொல்ல வேண்டுமே என்று மான்களும் இழுத்தன. நரியும் இழுத்தான். முயல்கள் இழுத்த இழுப்பில் காதுகள் ஆடின.

"கு...ட்ட் மா...ர்ர்...னி...ங் டீ...ச்ச்...சர்ர்!"

பொறையனின் கடைசி எழுத்தும் சிலுப்பியின் கடைசி எழுத்தும் ஒன்றாக முடிந்தன. கூடாரத்தில் ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். ஏதோ பறவைக் கூட்டம் என்று மறுபடி காப்பியைக் குடிக்கப் போனான்.

டீச்சர் கண்ணை இரண்டு முறை சிமிட்டினாள்.

"இது என்ன, வணக்கமா தாலாட்டா?" என்றாள். பிறகு, "சரி, எல்லாரும் உட்காருங்க. பொறையா, நீயும்தான்" என்றாள்.

பிற்பாடு அந்தக் கரையில் பள்ளிக்கூடம் வந்தபோது, காட்டு வழியாக நடந்துவந்த பிள்ளைகள் விடியலில் இதைக் கேட்டுக் கேட்டு, இங்கிலீஷில் வணக்கம் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று பழகிக்கொண்டார்கள். வேகமாகச் சொல்லுங்கள் என்று எத்தனையோ டீச்சர்கள் அதட்டிப் பார்த்துவிட்டார்கள். நடக்கவில்லை. அன்று முதல்தான், எந்த வகுப்புக்குள் டீச்சர் நுழைந்தாலும், கடைசி பெஞ்சுப் பிள்ளையும் சொல்லி முடிக்கும்வரை மொத்த வகுப்பும் "டீ...ச்ச்...சர்ர்" என்று இழுத்துக்கொண்டே நிற்கிறது.