மஞ்சள் கரிசாலை தேடிய மாப்பிள்ளை

நத்தம்பாறையில் அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவன் வெயிலுமுத்து, நடுவன் செவத்தையா, கடைக்குட்டி கொண்டல்சாமி. சொன்னதைச் சொன்னபடி செய்வதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. அதனாலேயே ஊரில் யாரும் அவர்களிடம் எதையும் சொல்வதில்லை.

கொண்டலுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். கனகுவைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. வில்லங்கம் தலையில் இருந்தது. சீப்பு வைத்தால் முடி சீப்போடு போயிற்று. பெண் பார்த்த அன்று வெளியூர் போயிருந்த பெண்ணின் அப்பா ராக்கப்பன், விஷயம் கேள்விப்பட்டு, "சொட்டைத் தலைக்கு என் பொண்ணு கிடையாது. பங்குனியில நேர்ல வந்து பார்ப்பேன்" என்று சொல்லியனுப்பினார். கொண்டலுக்குச் சோறு இறங்கவில்லை.

முடி வளர மருந்து கேட்டு வைத்தியரிடம் போனார்கள். அவர் ஒரு கட்டுத் தண்டு கொடுத்தார். "மஞ்சள் கரிசாலை, கரிசலாங்கண்ணிம்பாங்களே அது. வாய்க்கால் ஓரம் நட்டு வை. மஞ்சளாப் பூத்தா மருந்து. வெள்ளையாப் பூத்தா வேற இனம், பிடுங்கிப் போடு. சந்தேகம்னா இலையைக் கசக்கிப் பாரு, கை கறுக்கும்."

நட்டார்கள். மறுநாள் காலையில் மூவரும் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள்.

"அண்ணே, மஞ்சளா ஒண்ணும் காணோமே."

"மஞ்சளாப் பூத்தாத்தானே மருந்து? பூக்கலைன்னா?"

"மருந்தில்லை."

"மருந்தில்லாததுக்கு எதுக்குத் தண்ணி ஊத்தணும்?" என்றான் வெயிலுமுத்து. அவ்வளவையும் பிடுங்கிப் போட்டார்கள்.

வைத்தியர் தலையில் அடித்துக்கொண்டு இன்னொரு கட்டு கொடுத்தார். "பூக்கிற வரைக்கும் யாரும் அதுல கை வைக்கக் கூடாது!"

செடி நன்றாகப் படர்ந்தது. ஒருநாள் ஆடு வந்து மேய்ந்தது. கொண்டல் பதறிப்போய் ஓடினான். அண்ணன்மார் அவனை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

"கை வைக்காதேன்னாருல்ல?"

"ஆடு திங்குதேண்ணே!"

"அதுக்கு ஏதுடா கை? அது வாயைத்தான் வைக்குது."

நியாயம்தான் என்று பட்டது கொண்டலுக்கு. ஆனாலும் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

பங்குனியும் வந்துவிட்டது. மறுபடி போய் நின்றபோது வைத்தியர் கட்டு எதுவும் கொடுக்கவில்லை. "வாய்க்கால் ஓரமாப் போய்த் தேடுங்க. பச்சையா, தலையில மஞ்சப் பூவோட நிக்கும்" என்று கதவைச் சாத்திவிட்டார்.

தேடினார்கள். நின்றது. பச்சைச் சால்வை போர்த்தி, கோயிலில் கொடுத்த செவ்வந்தியைக் காதில் செருகி, வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு நின்றது.

"ஆளு மாதிரி இருக்கேண்ணே?" என்றான் செவத்தையா.

"ஆளு மாதிரி இருக்காதுன்னு வைத்தியர் சொன்னாரா?"

"சொல்லலை."

வெயிலுமுத்து ஈரக்கையால் அந்தத் தலையைப் பிடித்துக் கசக்கினான். கை கன்னங்கரேல் என்று கறுத்தது.

"அதேதான்!" என்று துள்ளினான் கொண்டல். வாடிவிடக் கூடாதே என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்ற ஊற்றக் கருப்பெல்லாம் வழிந்தோடி, தலை பஞ்சாக வெளுத்தது.

"வெள்ளை! வேற இனம்!"

மூவருமாகத் தூக்கி வரப்புக்கு அந்தப்பக்கம் போட்டார்கள்.

"டேய், நான் ராக்கப்பன்டா! நீங்க யாருடா?"

கொண்டலுக்கு உயிரே போய்விட்டது. கைகட்டிக்கொண்டு பெயரைச் சொன்னான். ராக்கப்பன் அவன் தலையைப் பார்த்தார். தன் தலையைத் தடவினார். தூரத்தில் ஆள் வருகிற சத்தம் கேட்டதும் சால்வையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டார்.

"மாப்பிள்ளை, பொண்ணு உனக்குத்தான். சித்திரை வளர்பிறையில எங்க ஊர்லயே கல்யாணம். ஆனா இன்னிக்கு இங்க நடந்தது, பேசினது எதையும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. சத்தியம் பண்ணு."

மூவரும் அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். கொண்டல் சந்தோஷத்தில் அழுதான்.

முகூர்த்த நாளில் பந்தல் நிறைந்திருந்தது. நத்தம்பாறையிலிருந்து மட்டும் ஈ காக்கைகூட வரவில்லை. ராக்கப்பன் மாப்பிள்ளை வீட்டாரை எதிர்பார்த்து ஊர் எல்லையிலேயே நின்றுகொண்டிருந்தார். அண்ணன் தம்பி மூவரும் அழுக்கு வேட்டியோடு கடைசித் தூணருகே நின்றார்கள். மணையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த கனகு அவ்வளவு அழகாக இருந்தாள். கொண்டல் ஏக்கமாகப் பார்த்தான், பல்லைக் கடித்துக்கொண்டான்.

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. புரோகிதர் பொறுக்கமுடியாமல் எழுந்து பந்தல் கடைசிக்கே வந்துவிட்டார்.

"ஏம்பா, மாப்பிள்ளை யாருன்னு உனக்காவது தெரியுமா?"

கொண்டல் நெஞ்சை நிமிர்த்தினான்.

"தெரியும் சாமி. ஆனா கழுத்தை அறுத்தாலும் சொல்லமாட்டேன்."