எந்த டிக்?

கோயம்புத்தூரில் ரேஸ் கார் கட்டும் பட்டறை முதலாளி சென்னியப்பனுக்கு மீசையும் பெரிது, வாயும் பெரிது. கார் உருண்டால் ஓட்டுகிறவன் உயிரைக் காக்கும் குழாய்க் கூண்டைக் காட்டி, வெல்டர் மயிலாத்தாளிடம் உத்தரவு போட்டார்.

"சாயங்காலம் டிரைவர் வர்றான், அதுக்குள்ள முடிக்கோணும். கண்ணுக்குத் தெரியற மூட்டுக்கெல்லாம் டிக் போடு. பின்னாடி அங்கங்க பொட்டாட்டம் பத்தவெச்சு, பட்டி தடவி, பெயிண்ட் அடிச்சுரு. எவன் பாக்கப் போறான்?"

டிக் என்பது நின்று நிதானமாகப் பற்றவைக்கும் உறுதியான வெல்டிங். மயிலாத்தாள் "சரிங்க" என்று தலையாட்டினாள்.

சாயங்காலம் டிரைவர் ஜோயல் வந்து பார்த்தான். ஒரு மூட்டும் பற்றவைக்கப்படவில்லை. பரீட்சைத் தாள் திருத்தியது மாதிரி, முன் மூட்டுகளில் எல்லாம் சாக்பீஸால் டிக் போட்டிருந்தது.

"என்ன புள்ள இது?" என்று பாய்ந்தார் முதலாளி.

"நீங்கதானுங்க டிக் போடச் சொன்னீங்க."

"நான் சொன்னது வெல்டிங் டிக்! முன்னாடி அதைப் போட்டுட்டு, பின்னாடி பட்டி தடவி மறைக்கத்தானே சொன்னேன்!"

கத்தி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. ஜோயல் தன் பிடரிக்கு நேராக வரும் பின் மூட்டை ஒருமுறை தடவிப் பார்த்தான். சென்னியப்பனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவனுக்கு முதுகைக் காட்டியபடியே சாக்பீஸை எடுத்து, பின் மூட்டுகளிலும் ஒவ்வொன்றாக டிக் போட்டார்.

மயிலாத்தாள் பணிவாகக் கேட்டாள். "இது எந்த டிக்குங்க முதலாளி?"

"வெல்டிங் டிக்குதான் தாயி. நிதானமாவே போடு."

சொன்னது மீசையைத் தாண்டி வெளியே வரவில்லை.