பழம் விட்ட விரல்கள்

மிருகங்களும் பறவைகளும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு மலைக்காட்டில் மந்தி ஒன்றும் இருவாச்சி ஒன்றும் சிநேகிதிகளாக இருந்தார்கள். இருவாச்சி என்றால், மூக்குக்கு மேல் இன்னொரு மூக்கு வைத்ததுபோல இருக்குமே, அந்தப் பெரிய பறவை. அத்திமரத்தில் இருவரும் உட்கார்ந்துவிட்டால் பொழுது சாயும்வரை ஊர்க்கதைதான்.

ஒருநாள், பழுக்கட்டும் என்று மந்தி பார்த்துப் பார்த்து விட்டுவைத்திருந்த அத்திக்கொத்தை இருவாச்சி ஒரே மூச்சில் விழுங்கிவிட்டது.

"அது நான் எனக்குன்னு வச்சிருந்ததுடி," என்றது மந்தி.

"ஏன், மரத்துல உன் பேரு போட்டிருக்கா?"

மந்திக்கு வந்ததே கோபம். பச்சைக் காய் ஒன்றைப் பறித்து இருவாச்சியின் மூக்கைப் பார்த்து எறிந்தது. சுண்டுவிரலை நீட்டி, "இனிமே உன் சங்காத்தம் எனக்கு இந்த அளவுகூட வேணாம், போடி," என்றது. இருவாச்சியும் ரோஷக்காரிதான். திரும்பிப் பார்க்காமல் பறந்துவிட்டது.

முட்டையிடும் காலம் வந்ததும் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து, ஒரு சின்னக் கீறலை மட்டும் விட்டுவிட்டு வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொண்டது. அந்த இனத்தின் வழக்கம் அது. உள்ளே இறகெல்லாம் உதிர்ந்துவிடும், பறக்க முடியாது. ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டினால்தான் சாப்பாடு. குஞ்சு பொரித்த சமயத்தில் பெருங்காற்று அடித்து, கிளை முறிந்து ஆண் பறவையின் சிறகில் விழுந்தது. பாவம், அது மரத்தடியில் கிடந்து பொந்தையே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே குஞ்சு பசியில் கத்தியது. அந்தச் சத்தம் வரவர மெலிந்தது.

மந்தியின் காதிலும் விழுந்தது. எனக்கென்ன வந்தது என்று ஒரு பழத்தை வாயில் போட்டது. உள்ளே இறங்கவில்லை. துப்பிவிட்டு, நன்றாகக் கனிந்த பழம் ஒன்றைப் பறித்துக்கொண்டு பொந்துக்கு ஓடியது.

"யாரது?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நான்தான்."

கீறலில் கை நுழையவில்லை. இரண்டு விரல்தான் போகும். உள்ளே இருப்பதோ காயால் அடி வாங்கியவள். மந்தி கண்ணை மூடிக்கொண்டு, பழத்தை இரு விரலுக்கு நடுவே இடுக்கி உள்ளே நீட்டியது.

"ஒரே கடியில உன் விரல் துண்டாயிடும். தெரியுமில்ல?"

"தெரியும். முதல்ல பிள்ளைக்குக் குடுடி."

இருவாச்சி பழத்தை மட்டும் எடுத்துக் குஞ்சுக்கு ஊட்டியது. பிறகு அந்த விரல்களின்மேல் தன் மூக்கை மெல்லச் சாய்த்துக்கொண்டது. "நீ வரலேன்னா என் பிள்ளை இல்லடி. என் உசுரு உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்," என்று அழுதது. வெளியே மந்தியும் அழுதது.

ஆண் பறவையின் சிறகு கூடும்வரை மந்திதான் அந்தக் குடும்பத்துக்கே ஊட்டியது. கிழங்கு தோண்ட வந்த மலைப்பிள்ளைகள் கீழேயிருந்து அன்றைய சண்டையையும் இதையும் பார்த்திருந்தார்கள். அன்று முதல்தான், சண்டை வந்தால் பிள்ளைகள் சுண்டுவிரலைக் காட்டிக் 'காய்' விடுகிறார்கள். மனசு இளகினால் இரண்டு விரலை நீட்டிப் 'பழம்' விடுகிறார்கள். அப்படி நீட்டிய விரலை இதுவரை யாரும் கடித்ததில்லை.