மகாராஜாவுக்கு ஒரு வாய்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், வச்சிரபாகு என்றொரு மகாராஜா இருந்தார். தங்கமான மனிதர். ஆனால் காலையில் யாராவது புதிதாக ஒன்றைச் சொன்னால் மாலைக்குள் அதைச் சட்டமாக்கிவிடுவார். வயிற்றுக்கு நல்லது என்று வைத்தியர் ஒருவர் வாய் தவறிச் சொல்லிவிட, அந்த ஊரே நாற்பது நாள் வேப்பங்கொழுந்து தின்றதும் உண்டு.

அவருக்கு ஒரே மகன், பெயர் கீர்த்திபாகு, வயது மூன்று. ஒருநாள் ஆஸ்தானப் பண்டிதர் சர்வசித்தாந்தர் சபையில் எழுந்து, "மகாராஜா! நாளை வாள் பிடிக்க வேண்டிய கை, இன்று மகாராணியாரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிகிறது. மடியில் வைத்துக் கொஞ்சுவதும், காக்காய் காட்டிச் சோறூட்டுவதும் அரச குலத்துக்கு அழகல்ல. இளவரசரை வளர்க்க அடியேன் ஒரு நெறி எழுதியிருக்கிறேன்" என்றார்.

பண்டிதருக்குக் கல்யாணமே ஆகவில்லை. அதை யாராவது சுட்டிக்காட்டியிருக்கலாம். மாலைக்குள் சட்டமாகிவிட்டது.

மறுநாளிலிருந்து இளவரசர் சபையிலேயே தனி ஆசனத்தில் உட்கார்த்தப்பட்டார். எதிரே தங்கக் கிண்ணத்தில் சோறு. சுற்றிலும் பண்டிதர் நியமித்த ஐந்து அறிஞர்கள். "உண்க!" என்பார் ஒருவர். பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். மகாராணி மரச்சன்னலுக்குப் பின்னால் நின்று பார்க்கலாம், அருகே வரக்கூடாது. நான்கு நாளாயிற்று. பாலும் பழச்சாறும் தவிரப் பிள்ளையின் வயிற்றில் எதுவும் இறங்கவில்லை. கன்னம் ஒட்டிவிட்டது. முதல் இரண்டு நாள் அழுதான். அப்புறம் அழுவதையும் விட்டுவிட்டான். அதுதான் பெற்றவளுக்குத் தாங்கவில்லை.

அந்தச் சபையில் அம்பலக்கூத்தன் என்றொரு விகடன் இருந்தான். பண்டிதரின் பாட்டுக்கு மகாராஜா கொட்டாவி விடுவார். கூத்தன் தும்மினாலும் சிரிப்பார். பண்டிதருக்கு அவனைக் கண்டாலே ஆகாததற்கு வேறு காரணம் வேண்டுமா?

ஐந்தாம் நாள் கூத்தன் சிரிக்காமல் பேசினான். "மகாராஜா, எனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இளவரசருக்கு வந்திருப்பது நோயல்ல, ஏக்கம். மகாராணியாரிடம் விட்டுவிடுங்கள்."

பண்டிதர் துள்ளி எழுந்தார். "நெறியைப் பழிக்கிறான்! அவ்வளவு தெரிந்தவன் என்றால் நாளை அவனே இளவரசரை உண்ணச் செய்யட்டும். ஆனால் நெறி கெடக்கூடாது. அவன் இளவரசரிடம் பேசக்கூடாது. இளவரசரைத் தொடக்கூடாது. இளவரசருக்குக் கதை சொல்வதோ, பாடுவதோ, காக்காய் குருவி காட்டுவதோ கூடாது. உச்சிவேளை மணி அடிப்பதற்குள் இளவரசர் உண்டால் நெறியை நீக்கிவிடலாம். உண்ணாவிட்டால் அந்திக்குள் இவன் குடும்பத்தோடு நாட்டின் எல்லையைத் தாண்ட வேண்டும்!"

மகாராஜாவுக்கு இது புதிதாக இருந்தது. புதிதாக இருந்தால் அவர் என்ன செய்வார் என்பதுதான் தெரியுமே. நிபந்தனைகளை ஓலையில் எழுதி முத்திரை வைத்துவிட்டார்.

அன்று மாலை கூத்தன் வீட்டுக்குள் நுழைந்தபோது இரண்டு வயது நம்பி கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நெற்றியில் பருப்பு வழிந்தது. ஐந்து வயது தில்லை, "அப்பா! தம்பி கிரீடம் வெச்சிருக்கான்" என்று அறிவித்தாள். அவள் மூக்கு நுனியிலும் இரண்டு பருக்கை. நம்பி எழுந்து ஓடிவந்து, மகாராஜா பரிசளித்த பட்டு அங்கவஸ்திரத்தில் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டான். கூத்தன் அவனைத் தூக்கி அணைத்துக்கொண்டான். நாளை இந்நேரம் இந்தப் பிள்ளைகளோடு எந்தக் காட்டுவழியில் நடப்போமோ என்று நினைத்தபடியே அடுப்படிக்குப் போனான்.

மனைவி செங்கமலம் எல்லாவற்றையும் கேட்டாள். "அப்போ மூட்டை கட்டணுமா?" என்றாள்.

"நீதான் சொல்லணும். பேசக்கூடாதாம், தொடக்கூடாதாம், காக்கா காட்டக்கூடாதாம். வேற எப்படித்தான் பிள்ளைக்குச் சோறு ஊட்டறது?"

செங்கமலம் நம்பியின் தலையைத் துடைத்தபடியே யோசித்தாள். அப்புறம் களுக்கென்று சிரித்தாள். "பண்டிதரு பாவங்க. பிள்ளைய வெச்சு மாரடிச்சிருந்தா இந்த ஓட்டைய விட்டிருப்பாரா?" என்று சொல்லி அவன் காதில் ஏதோ ஓதினாள். என்ன ஓதினாள் என்று இப்போதே சொல்லிவிட்டால் கதை ருசிக்காது. மூட்டை கட்டவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. இளவரசன் ஆசனத்தில் பொம்மைபோல உட்கார்ந்திருந்தான். கூத்தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பண்டிதரிடம் போனான்.

"ஐயா, இந்த ஓலையில் இருப்பதெல்லாம் இளவரசரைப் பற்றித்தானே? மகாராஜாவைப் பற்றி ஏதேனும் நிபந்தனை உண்டா?"

"மகாராஜாவுக்கு நிபந்தனை போட யாரால் முடியும்?" என்றார் பண்டிதர், மகாராஜாவின் காதில் விழும்படி.

"அப்படியானால், மகாராஜா, தயவு செய்து இறங்கி வந்து தரையில் அமர வேண்டும்."

மகாராஜா குழம்பினார். ஆனாலும் இதுவும் புதிதாக இருந்ததே, இறங்கி வந்து சம்மணம் போட்டு அமர்ந்தார். கூத்தன் எதிரே உட்கார்ந்து, பருப்புச் சோற்றில் நெய்விட்டுப் பிசைந்து, சின்னதாக ஓர் உருண்டை உருட்டினான்.

"மகாராஜாவுக்கு ஒரு வாய். எங்கே, ஆ காட்டுங்கள்!"

மகாராஜா "ஆ" காட்டினார். ஒன்று போயிற்று. இரண்டு, மூன்று போயிற்று. காலையில் அவரும் சரியாகச் சாப்பிடவில்லை. கூத்தன் குனிந்து, "மகாராஜா, இவ்வளவு சமர்த்தாகச் சாப்பிட்டால் என் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். கொஞ்சம் அடம் பிடியுங்கள்" என்று கெஞ்சினான்.

மகாராஜா உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினார். நாற்பது வயதிலும் அந்த வித்தை மறக்கவில்லை.

"வேண்டாமா? சரி, அதோ மாடத்தில் காக்காய் வந்திருக்கிறது. அதற்கே போட்டுவிடுகிறேன். காக்கா, காக்கா!"

"காக்காய் காட்டக்கூடாது!" என்று கத்தினார் பண்டிதர்.

"மகாராஜாவுக்கல்லவா காட்டுகிறேன்?"

ஆசனத்தில் ஓர் அசைவு. இளவரசன் குப்புறத் திரும்பி, காலால் தரையைத் துழாவி, சறுக்கி இறங்கினான். தத்தித் தத்தி நடந்துவந்து தகப்பனின் தோளைத் தள்ளினான்.

"அப்பா தள்ளு. இது என் சோறு."

கூத்தன் வாயை இறுக மூடிக்கொண்டான். அவன் பேசக்கூடாது, தொடக்கூடாது. கிண்ணத்தை அப்படியே மகாராஜாவின் கையில் வைத்தான்.

மகாராஜா தம் வாழ்நாளில் ஒரு பிள்ளைக்கும் ஊட்டியதில்லை. எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டிவிட்டார். "பெரிசு" என்று முகத்தைத் திருப்பினான் மகன். அடுத்தது விரலிடுக்கில் ஒழுகியது. மூன்றாவது உருண்டை சரியாக வாய்க்குள் போனது. சின்னப் பற்கள் விரல் நுனியில் பட்டன. நாட்டையே ஆள்பவருக்கு அந்த ஒரு கவளம் இறங்கும்வரை உயிர் கையில் இருந்தது. இறங்கியதும் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் இந்தச் சுகம் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

கிண்ணம் காலியாயிற்று. மணி இன்னும் அடிக்கவில்லை.

பண்டிதர் விடவில்லை. "பாதிச் சோறு மகாராஜாவின் வயிற்றுக்குள் போயிற்று! இளவரசர் உண்டது போதாது!"

பிள்ளை வெறும் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தான். "இன்னும்" என்றான்.

மரச்சன்னலின் பக்கத்துக் கதவு திறந்தது. மகாராணி கையில் இன்னொரு கிண்ணத்தோடு வந்துகொண்டிருந்தாள். யாருடைய அனுமதியையும் அவள் கேட்கவில்லை. "அம்மா!" என்று பாய்ந்து போனான் பிள்ளை. அவள் நடுச்சபையிலேயே உட்கார்ந்து அவனை மடியில் போட்டுக்கொண்டாள்.

"மகாராஜா, நெறி..." என்று இழுத்தார் பண்டிதர்.

"உஸ்! பிள்ளை சாப்பிடுகிறான்" என்றார் மகாராஜா.

உச்சிவேளை மணி அடித்தபோது இளவரசன் தாயின் மடியிலேயே தூங்கிப்போயிருந்தான். வாயில் கடைசிக் கவளம் பாதி மிச்சம். மகாராஜா முத்திரையிட்ட ஓலையைத் தம் கையாலேயே ஒடித்துப் போட்டார். தாம் அடம் பிடித்தது நினைவுக்கு வர, தூங்கும் பிள்ளை விழித்துவிடாதபடி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

"யோசனை என் மனைவியுடையது, மகாராஜா. மாலையும் அவளுக்கே உரியது" என்றான் கூத்தன்.

"அப்படியே ஆகட்டும். பண்டிதருக்கு என்ன தண்டனை?"

"தண்டனை எதற்கு? மூன்று நாள் என் வீட்டுக்கு வந்து நம்பிக்குச் சோறு ஊட்டட்டும்."

மகாராஜா மறுபடியும் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

பண்டிதர் மூன்று நாளும் போனார். முதல் நாள் தாடியெல்லாம் பருப்போடு திரும்பினார். இரண்டாம் நாள் தலைப்பாகையைக் காணோம். மூன்றாம் நாள் என்ன நடந்தது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் நாள் மதியம் செங்கமலம் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது வாசலில் யாரோ கனைத்தார்கள். எட்டிப் பார்த்தாள். பண்டிதர் நின்றுகொண்டிருந்தார்.

"பிள்ளை சாப்பிட்டானா?" என்று கேட்டார்.