பத்தொன்பது கதிர் எங்கே?

கரட்டுக் காட்டு விலங்குகள் கூட்டாகக் கம்பு விதைத்து அறுத்துக் களத்தில் குவித்திருந்தன. பங்கு பிரிக்கும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது. ஒன்றிரண்டு கதிர் திருடினால் மூன்று நாள் களம் கூட்ட வேண்டும். பத்துக்கு மேல் திருடினால் காட்டைவிட்டே வெளியேற வேண்டும். பிடித்துக் கொடுப்பவருக்குத் திருட்டில் பாதி பரிசு.

அந்தப் பரிசின் மேல் காவல்காரக் கௌதாரிக்கு ஒரு கண். ஒன்றைப் பத்தாகச் சொல்வதோ அதற்குக் கைவந்த கலை.

அணிலுக்கு அன்று பசி தாங்கவில்லை. கண் திறக்காத இரண்டு குட்டிகளுக்குப் பால் கொடுக்க வேண்டுமே! ஒரே ஒரு கதிரை இழுத்துக்கொண்டு கிளம்பியது. கௌதாரி பாய்ந்து வந்து வாலைப் பிடித்தது. வழக்கு தீர்க்கும் முள்ளம்பன்றியிடம் நேரே கொண்டுபோய் நிறுத்தியது.

"ஐயா, இவள் இருபது கதிர் திருடிவிட்டாள்" என்றது கௌதாரி.

அணிலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பச்சைக் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு எந்தக் காட்டுக்குப் போவது?

"ஒன்றுதான் எடுத்தேன் ஐயா. தப்புதான், பசி பொறுக்கவில்லை" என்று அழுதது.

"பொய்! மீதியை எங்கோ ஒளித்து வைத்திருக்கிறாள்" என்றது கௌதாரி.

முள்ளம்பன்றி நிதானமாகக் கேட்டது. "கௌதாரி, இவள் களத்தில் கால் வைத்ததை நீ பார்த்தாயா?"

"பார்த்தேன். அப்போதிலிருந்து இங்கே வரும்வரை கண் கொட்டவே இல்லை."

"களத்துக்கு வேறு யாராவது வந்தார்களா?"

"என் காவலை மீறி ஈ, எறும்புகூட வராது ஐயா."

"அப்படியானால் ஒளித்து வைக்க இவளுக்கு நேரமே இல்லை. வேறு யாரும் எடுக்கவும் இல்லை. இவளைத் தவிர அங்கே இருந்தது நீ மட்டும்தான். மீதிப் பத்தொன்பது கதிரையும் நீ கொண்டுவந்து வை. முடியாவிட்டால் காட்டைவிட்டுப் போக வேண்டியது நீதான்."

"ஒரு கதிர்தான் ஐயா. பரிசுக்கு ஆசைப்பட்டுக் கூட்டிச் சொல்லிவிட்டேன்" என்று கௌதாரி முனகியது.

அணிலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குட்டிகளுக்குப் பால் கொடுத்துவிட்டு வந்து, மூன்று நாளும் முணுமுணுக்காமல் களம் கூட்டியது.

கௌதாரியின் காவல் வேலை அன்றோடு போயிற்று. ஆனாலும் பரிசு பரிசுதானே? முள்ளம்பன்றி அந்த ஒரு கதிரைச் சரிபாதியாக ஒடித்து, எல்லோர் முன்னிலையிலும் கௌதாரியின் காலடியில் வைத்தது. குனிந்து எடுக்கக் கௌதாரிக்கு வெட்கமாக இருந்தது.

பிறர் செய்த சிறு குற்றத்தைப் பெரிதாக்கிச் சொல்பவர், கூட்டிச் சொன்ன அளவுக்குத் தாமே பதில் சொல்ல வேண்டிவரும்.