பாட்டறை கோமளவல்லியார்

கொன்றைமங்கலத்தில் எழுந்தருளியிருக்கும் இறைவருக்கு இசைந்தநாதர் என்று திருப்பெயர். அடியார் கேட்டதற்கெல்லாம் இசைபவர் என்று பெரியவர்கள் அதற்குப் பொருள் சொல்வார்கள். அந்தப் பொருள் சரிதானா என்று அவரிடமே நெடுநாள் வழக்காடியவர் ஒருவர் உண்டு. அவ்வூர்த் தொடக்கப் பள்ளியில் பகுதிநேரப் பாட்டு ஆசிரியையாக இருந்த கோமளவல்லியார்தான் அவர்.

விடியற்காலையில் குளித்து, ஈரத்தலையோடு சந்நிதியில் வந்து நின்று ஒரு பதிகம் பாடுவது அம்மையாரின் வழக்கம். கேட்பதற்குக் குருக்களைத் தவிர ஆள் இராது. குருக்களும் பாதி நேரம் திரி போடுவதில் கவனமாக இருப்பார். பாடி முடித்ததும் அம்மையார் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுவார். பகுதிநேர ஆசிரியை என்றால் யார் வேண்டுமானாலும் வேலை ஏவலாம் என்பது அந்தப் பள்ளியில் எழுதாத சட்டம். காய்ச்சல் வந்த பிள்ளையை வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும். வராத ஆசிரியரின் வகுப்பை அடக்கி வைக்கவேண்டும். குடிநீர்த் தொட்டியைக் கழுவ ஆள் வரவில்லையென்றால் அதுவும் அவர் தலையில்தான் விழும். இத்தனைக்கும் இடையில் நேரம் மிஞ்சினால் பாட்டு. அதையும் வேப்பமரத்தடியிலோ, சைக்கிள் நிறுத்துகிற இடத்திலோ வைத்துக்கொள்ளவேண்டும். பிள்ளைகள் வாயைத் திறந்த மாத்திரத்தில் கணக்கு ஆசிரியர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, சத்தம் தாங்கவில்லை என்பார்.

பாட்டுக்கென்று ஓர் அறை வேண்டும் என்று தலைமையாசிரியர் வைரவமூர்த்தியிடம் அம்மையார் கேட்காத நாளில்லை. நச்சரிப்புத் தாங்காமல் ஒருநாள் அவர் இசைந்தார். தேரோடும் வீதியைப் பார்த்தாற்போல, உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைக்கும் அறை ஒன்று பள்ளியில் இருந்தது. அதைக் காட்டி அவர் சொன்னார்:

"இத பாட்டு ரூம் மாதிரி ஆக்கிக் காட்டுங்க டீச்சர். ஆக்கிட்டீங்கன்னா டைம்டேபிள்ல பாட்டுக்குன்னு பீரியட் போட்டுத் தர்றேன். முடியலன்னா சொல்லிடுங்க, அந்த நேரத்தையும் கணக்குக்கே குடுத்துடறேன்."

ஆக, அறை நிலைத்தால் பிள்ளைகளுக்குப் பாட்டு உண்டு, நிலைக்காவிட்டால் இல்லை. கோமளவல்லியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

எலிப்புழுக்கையும் ஒட்டடையுமாகக் கூடைகூடையாக வெளியே போயிற்று. சுண்ணாம்பு அடிக்க ஆள் வைக்க வழியில்லை, தாமே அடித்தார். உடைந்த பெஞ்சுகளின் நல்ல பலகைகளைத் தச்சரிடம் கெஞ்சி இணைத்து, பிள்ளைகள் ஏறி நின்று பாடத் தாழ்வாக ஒரு மேடை செய்துகொண்டார். ஜால்ராக்களுக்கு ஓர் ஆணி, கஞ்சிராவுக்கு ஓர் ஆணி, தாளம் தட்டும் கொட்டாங்கச்சிகளுக்கு ஒரு கூடை என்று ஒவ்வொன்றுக்கும் இடம் வைத்தார். தம் பழைய பட்டுப்புடவையின் சரிகைக் கரையைக் கத்தரித்து நிலைப்படிக்குத் தோரணம் கட்டினார். மறைந்த கணவர் பஜனை மடத்தில் வாசித்த ஆர்மோனியத்தை வீட்டிலிருந்து கொண்டுவந்து நடுவில் வைத்தார். ஏழு சுரங்களுக்கும் ஏழு உயிர்கள் உண்டல்லவா? மயில், எருது, ஆடு, அன்றில், குயில், குதிரை, யானை. அவற்றைப் பிள்ளைகளையே வரையச் சொல்லிச் சுவரில் வரிசையாக ஒட்டினார். நூர்ஜஹான் வரைந்த குதிரைக்குக் கால் ஐந்து இருந்தது. ஓடுகிற குதிரை அப்படித்தான் தெரியும் என்று அம்மையார் அதையும் ஒட்டிவிட்டார்.

செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்றும் சொல்லிவிட்டார். தலைமையாசிரியருக்கு அது வேடிக்கையாகப் போயிற்று. "ரூமா கர்ப்பகிரகமா?" என்று ஆசிரியர்களிடம் சொல்லிச் சிரித்தார். கதவின்மேல் 'பாட்டறை' என்று எழுதியிருந்ததைப் பார்த்த கணக்கு ஆசிரியர், பாட்டுப் பாடாதவனுக்கு அங்கே அறை விழுமாக்கும் என்று தம் பங்குக்குக் கேலி செய்தார். இரண்டும் அம்மையார் காதில் விழுந்தன. அவர் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார்.

அறை தயாரான மறுவாரமே தேர்தல் வந்தது. வீதியைப் பார்த்த அறை அதுதான் என்று வாக்குச்சாவடி அங்கே அமைந்தது. வந்தவர்கள் மயிலையும் எருதையும் கிழித்துப் போட்டுவிட்டு அறிவிப்புத் தாள்களை ஒட்டினார்கள். தேர்தல் முடிந்து பூட்டைத் திறந்தபோது தோரணம் தரையில் மிதிபட்டுக் கிடந்தது. அம்மையார் அதை எடுத்து உதறினார். சுவரைச் சுரண்டினார், மறுபடியும் சுண்ணாம்பு அடித்தார், மறுபடியும் பிள்ளைகளை வரையச் சொன்னார்.

அது காய்வதற்குள் சத்துணவுக் கூடம் ஒழுகியது. அமைப்பாளர் தனபாக்கியம் அரிசி மூட்டைகளை நாலு நாளைக்கு என்று சொல்லிப் பாட்டறைக்குள் இறக்கினார். அந்த நாலு நாள் ஐப்பசி முழுக்க நீண்டது. தனபாக்கியத்தைக் குறை சொல்லவும் முடியாது. பிள்ளைகளின் சோறு நனையலாமா? "பாட்டு ஒரு மாசம் நின்னா ஒண்ணும் ஆவாது டீச்சர். சோறு ஒரு வேள நின்னா பாக்க முடியுமா?" என்று அவர் கேட்டார். அது நியாயமாக இருந்ததே கோமளவல்லியாரை இன்னும் குமைய வைத்தது. மூட்டைகள் ஒருவழியாகக் கூடத்துக்குத் திரும்பிய பிறகு ஆர்மோனியத்தைத் திறந்து பார்த்தார். அரிசிக்கு வந்த எலிகள் அதன் துருத்தியை நார்நாராகக் கடித்து வைத்திருந்தன. கட்டையை அழுத்தினால் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

மறுநாள் காலை அம்மையார் சந்நிதிக்கு வந்தார், நின்றார், பாடவில்லை. குருக்கள் திரியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அம்மையார் மூலவரை முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு வாய்விட்டே கேட்டார்:

"இசைந்தநாதர்னு பேரு வெச்சுக்கிட்டு இருக்கீரே, எதுக்காவது இசைஞ்சீரா? எனக்கு வீடு கேட்டேனா, நகை கேட்டேனா? புள்ளைங்க பாட ஒரு ரூமு. அதுகூட ஒம்ம கண்ண உறுத்துதா?"

இப்படிப் பேசலாமா என்று நாம் நினைக்கலாம். இல்லாதவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. அவர் அங்கே இருக்கிறார், காது கொடுக்கிறார் என்பதில் அம்மையாருக்கு எள்ளளவும் ஐயம் இல்லை. காது கொடுத்துவிட்டும் சும்மா இருக்கிறாரே என்பதுதான் கோபம். அந்தக் கோபத்தோடே திருநீற்றை அள்ளிப் பூசிக்கொண்டு நேரே பள்ளிக்கூடம் போய், மூட்டைகள் கிடந்த தடத்தைத் தேய்த்துக் கழுவினார்.

கார்த்திகைத் திருநாளன்று பிற்பகல் தலைமையாசிரியர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். சத்துணவுக் கூடத்தின் கூரை இனித் தாங்காது, நாளை முதல் அரிசியும் முட்டையும் நிரந்தரமாகப் பாட்டறையில்தான் இருக்கும், மாட்டியிருப்பதையெல்லாம் கழற்றிக்கொள்ளுங்கள் என்றார். பாட்டு நேரம் கணக்குக்குப் போய்விட்டது என்பதையும் சேர்த்தே சொன்னார். கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னார் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு அம்மையார் என்ன செய்வார்?

பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொல்லி, பள்ளி விட்டு அவர்கள் போனபின் அம்மையார் அறைக்குள் நின்று அழுதார். அழுது முடிந்ததும் ஆத்திரம் வந்தது. நாளைக்குக் கழற்றத்தான் போகிறோம், இன்றைக்கு ஒரு பொழுதாவது இது முழுசாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று பிடிவாதமாகத் துடைப்பத்தை எடுத்தார். தரையைக் கழுவித் துடைத்தார். ஜால்ராக்களைப் புளி போட்டுத் தேய்த்து ஆணியில் மாட்டினார். தோரணத்தின் கிழிசலைத் தைத்தார். விட்டுப்போன யானைப் படத்தையும் ஒட்டி, மேடையைச் சுற்றி மாக்கோலம் போட்டார். கார்த்திகையாயிற்றே என்று வாசலில் இரண்டு அகல் விளக்கும் ஏற்றினார். இவ்வளவும் திட்டிக்கொண்டேதான் செய்தார்.

அந்நேரம் இசைந்தநாதர் வீதியுலா வந்துகொண்டிருந்தார். சீர்பாதம் தாங்கிகள் பல்லக்கைத் தோளில் சுமந்துவர, முன்னால் தலைமையாசிரியர் உள்ளிட்ட ஊர்ப் பிரமுகர்கள் நடக்க, ஊர்வலம் பள்ளியை நெருங்கியது. தூறல்கூடப் போடாமல் இருந்த வானம் அங்கே வந்ததும் பொத்துக்கொண்டு ஊற்றியது. குடை தாங்கவில்லை. கோயிலுக்குத் திரும்பவும் வழியில்லை. பல்லக்கோடு எல்லாரும் பள்ளி வாசலுக்குள் ஓடினார்கள்.

தலைமையாசிரியர் பதறிப்போய்த் தம் அலுவலறையைத் திறந்துவிட்டார். குருக்கள் எட்டிப் பார்த்துவிட்டு, செருப்புக் காலோடு நடமாடுகிற இடத்தில் சுவாமியை இறக்கக்கூடாது என்றார். வகுப்பறைகளும் அப்படித்தான். சத்துணவுக் கூடத்தில் முட்டை இருக்கிறது. பல்லக்கு மழையில் நின்றுகொண்டிருந்தது. "செருப்புப் போடாத எடம் ஒண்ணுகூடவா கெடையாது இந்தப் பள்ளிக்கூடத்துல?" என்று குருக்கள் கேட்டார். வைரவமூர்த்தி வீதிப்பக்கத்து அறையைக் கை காட்டினார். அங்கே அகல் எரிந்துகொண்டிருந்தது.

கையில் துடைப்பத்தோடு திரும்பிய கோமளவல்லியார், தம் அறைவாசலில் இறைவரைக் கண்டார். துடைப்பம் நழுவி விழுந்தது. சுமந்து வந்தவர்கள் பல்லக்கைப் பிள்ளைகளின் மேடைமேல் இறக்கினார்கள். மழைக்கு ஒதுங்கிய பிள்ளைகளும் தாய்மார்களும் பின்னாலேயே வந்து அறையை நிறைத்தார்கள். குருக்கள் சுவாமிமேல் தெறித்த நீரைத் துடைத்து, அங்கேயே கற்பூரம் ஏற்றித் தீபாராதனை காட்டினார்.

மழை விட்டது. தாங்கிகள் தோள்கொடுத்துத் தூக்கினார்கள். பல்லக்கு அசையவில்லை. மூச்சைப் பிடித்து மறுபடியும் தூக்கினார்கள், அப்போதும் அசையவில்லை. மழையில் ஊறிய மூங்கில் கனக்கும், ஈரத்தில் கால் வழுக்கும் என்று சொல்பவர்களும் ஊரில் உண்டு. சொல்லிக்கொள்ளட்டும். தாங்கிகளின் தலைவரான பொன்னுரங்கம் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நவர மாட்டேங்கறாரு சாமி" என்றார்.

குருக்கள் அப்போதுதான் அறையைச் சுற்றிப் பார்த்தார். மயில், எருது, ஐந்து கால் குதிரை, ஆணியில் பளபளத்த ஜால்ராக்கள். இது என்ன அறை என்று கேட்டார். அறையைப் பற்றியும், நாளைக்கு அது என்ன ஆகப்போகிறது என்பது பற்றியும் பிள்ளைகளே முந்திக்கொண்டு சொன்னார்கள். குருக்கள் கோமளவல்லியார் பக்கம் திரும்பினார். "பாட்டுக் க்ளாஸுக்கு வந்திருக்கார்மா. க்ளாஸ் நடக்காம எப்படி எழுந்து போவார்? ஆரம்பிங்கோ" என்றார்.

அம்மையார் கையை உயர்த்தித் தாளம் போட்டார். பிள்ளைகள் சுவரைப் பார்த்து, மயிலில் தொடங்கி யானை வரை, ஏறுவரிசையும் இறங்குவரிசையுமாகச் சரளி வரிசையைப் பாடினார்கள். ஒருவன் ஒருபுறம் இழுத்தான், ஒருத்தி முந்தி ஓடினாள். வேதமும் நாயனமும் கேட்கும் இறைவர் அதையும் கடைசிவரை கேட்டார். பாட்டு முடிந்து தாங்கிகள் தோள்கொடுத்தபோது பல்லக்கு எழுந்தது.

வாசலைத் தாண்டுமுன் குருக்கள் தலைமையாசிரியரிடம், சுவாமி இறங்கித் தீபாராதனை கண்ட இடம் இவ்வூர் வழக்கப்படி மண்டகப்படி ஆகிவிட்டது, இனி ஆண்டுதோறும் கார்த்திகைக்கு இங்கே நின்றுதான் போவார், இங்கே முட்டை வைக்கலாகாது என்று தெரிவித்தார். வைரவமூர்த்தி செருப்பில்லாத கால்களோடு கைகூப்பி நின்றார். கூடத்துக் கூரையை எப்படியாவது மாற்றித் தருவது தம் பொறுப்பு என்றார். பிறகு கோமளவல்லியாரைப் பார்த்து, "திங்கக்கெழம மொத பீரியட் பாட்டு டீச்சர்" என்றார்.

அம்மையார் வீதியில் இறங்கிய பல்லக்கின் பின்னால் ஓடிப்போய், மற்றவர் காதில் விழாமல், "இத மொதல்லயே செஞ்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். அறைக்குள் ஈரக்கால் தடம் நிறைய இருந்தது. தரையை அவர் அன்று மட்டும் துடைக்கவில்லை.

ஊரார் பிள்ளைகள் வாய்விட்டுப் பாட ஓர் இடம் வேண்டும் என்பதைத் தவிர வேறு வரம் கேட்டறியாத அந்த அம்மையாரின் சுண்ணாம்பு படிந்த கைகளை வணங்கி, நாமும் நம் வேலையைப் பார்ப்போம்.